கறுத்த லாகரைச் சுவைக்கும்போது நாம் விடும் பிழைகள்

மூன்று வருடத்துக்கு முன், நல்லூர்த் திருவிழாவுக்கு ஜேர்மனியிலிருந்து வந்த மச்சான், துவாயில் சுற்றிய இரண்டு போத்தல்களைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துத் தந்தான். அவன் இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் நடத்தும் சின்னப் பியர் ஆலையில் செய்த டுங்கெல், அதாவது தென் ஜேர்மனியின் பவேரியாக்காரர் செய்யும் கறுத்த லாகர் பியர். கொடியேறிவிட்டதால் வீட்டில் சைவம். இருபத்தைந்து நாளும் போத்தலைத் தொடும் பேச்சே இல்லை. குசினி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு மறந்துபோனேன்.

தீர்த்தம் முடிந்து இரண்டாம் நாள் திறந்தோம். மழையில் நனைந்த காட்போட் பெட்டியின் மணம் வந்தது. மச்சான் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸை வைத்தான். "அத்தான், இது நாங்கள் அங்க குடிக்கிற பியரே இல்லை."

பியரில் பிழை இல்லை. வைத்த இடம்தான் பிழை. சின்ன ஆலைகள் பல, பியரைச் சூடாக்கிக் கிருமி நீக்காமலும் முழுதாக வடிகட்டாமலும் போத்தலில் அடைக்கின்றன. சுவை உயிரோடு இருப்பது அதனால்தான், சூட்டுக்கு முதலில் அடிபடுவதும் அதனால்தான். போத்தலுக்குள் மிஞ்சியிருக்கும் கொஞ்ச ஒட்சிசன் சூட்டில் வேகமாக வேலை செய்யும். எங்கள் வீட்டுக் கூரைக்கும் அடுப்புக்கும் நடுவில் மூன்றரைக் கிழமை இருந்தால் என்ன மிஞ்சும்? வந்த அன்றே பிரிஜ்ஜின் கீழ்த்தட்டில் நிமிர்த்தி வைத்துவிட வேண்டும். வெயிலும் ஆகாது. மண்ணிறப் போத்தல் வெளிச்சத்தைப் பெருமளவு மறிக்கும், ஆனால் கிளாஸில் ஊற்றிய பிறகு மறிப்பு எதுவும் இல்லை. முற்றத்து வெயிலில் சில நிமிடம் இருந்தாலே பியருக்குக் கசப்புத் தரும் ஹொப்ஸ் பூவின் கசப்புப் பொருள் உடைந்து நாற்றம் பிடிக்கும். ஆகவே விறாந்தை நிழலில் இருந்து குடியுங்கள்.

அடுத்த பிழை நிறத்தைப் பார்த்து முடிவெடுப்பது. கறுத்த பியர் என்றால் எங்கள் ஆட்களுக்கு லயன் ஸ்டவுட்தான் ஞாபகம் வரும். அதில் மதுசாரம் 8.8 வீதம். டுங்கெலில் இருப்பது ஏறக்குறைய 4.5 முதல் 5.6 வரைதான், வழக்கமான மஞ்சள் லாகரின் அளவு. ஒரு றாத்தல் பாணைப் பாருங்கள். உள்ளே வெள்ளை, வெளியே மண்ணிறம், மா ஒன்றுதான். சூடு பட்ட இடம் நிறமும் மணமும் மாறியிருக்கிறது. மியூனிக் மோல்ட் என்று சொல்லப்படும் பார்லிக்கும் இதுதான் நடக்கிறது. முளைக்க வைத்த தானியத்தைக் கூடிய சூட்டில் உலர்த்துகிறார்கள். நிறம் அங்கிருந்து வருகிறது. மதுசாரம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது மதுவம் (ஈஸ்ட்) தின்னும் சீனியின் அளவு. இரண்டுக்கும் தொடர்பு இல்லை. கிளாஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் டுங்கெலின் ஓரத்தில் மாதுளஞ்சாறு போல ஒரு சிவப்புத் தெரியும்.

கறுத்த ஜேர்மன் லாகர் எல்லாம் ஒன்று என்று நினைத்தாலும் ஏமாறுவீர்கள். ஷ்வார்ட்ஸ்பியர் இன்னும் கறுப்பு, ஆனால் உடம்பு மெலிவு. கோப்பியின் சாயல் லேசாகத் தெரிந்து, வாய் காய்ந்து முடியும். டொப்பெல்பொக் 7 வீதத்துக்கு மேலே போகும், அதில் நிதானம் தேவை. லேபலைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

இனி எங்கள் ஊரில் எல்லோரும் விடும் பிழை: ஐஸ். வெக்கையில் பல் கூசும் குளிரைத் தேடுவது இயல்புதான். ஆனால் அந்தக் குளிரில் மணம் எழும்பாது, நாக்கும் மரத்துப்போகும். ஐஸ் கட்டி போட்டால் தண்ணீரும் சேர்ந்துவிடும். லாகர் என்ற பேரே சேமித்து வைத்தலைக் குறிக்கும் ஜேர்மன் சொல்லிலிருந்து வந்தது. குளிரில் புளிக்க வைத்து, பிறகு உறைநிலைக்குக் கிட்டக் கிழமைக்கணக்கில் வைத்திருப்பார்கள். பவேரியாவில் 1553இல் கோடைகாலத்தில் பியர் காய்ச்சுவதையே தடை செய்து சட்டம் போட்டார்கள். ஏப்ரல் 23 முதல் செப்டெம்பர் 29 வரை அடுப்பு மூட்டக்கூடாது. அந்தக் குளிர் பியர் செய்வதற்கான குளிர். குடிப்பதற்கு 7 முதல் 10 பாகை போதும். பிரிஜ்ஜிலிருந்து எடுத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் மேசையில் வைத்தால், யாழ்ப்பாணத்து வெக்கை மிச்ச வேலையைச் செய்துவிடும்.

போத்தலோடு வாயில் வைத்தால் மூக்குக்கு ஒன்றும் கிடைக்காது. எவர்சில்வர் கப்பில் நிறம் தெரியாது. கண்ணாடிக் கிளாஸ்தான் வேண்டும், அதுவும் தனியாகக் கழுவியதாக இருக்க வேண்டும். மீன்குழம்புச் சட்டி தேய்த்த பஞ்சால் கிளாஸைத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் ஒட்டும், நுரை உடனே செத்துவிடும். ஊற்றிய பிறகு கிளாஸின் உட்சுவரில் குமிழிகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தால் அந்த இடம் அழுக்கு. அப்பச்சோடா கலந்த சுடுதண்ணியில் கழுவி, நன்றாக அலசி, துடைக்காமல் கவிழ்த்து வையுங்கள். சரித்துப் பிடித்து ஊற்றத் தொடங்கி, பாதியில் நிமிர்த்தினால் இரண்டு விரல் உயரத்துக்கு நுரை நிற்கும். அந்த நுரையில்தான் மணம் இருக்கிறது.

நண்டுக்கறியோடு குடிப்பதைப் பற்றி என் நண்பர்கள் சிலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். இருந்தாலும் சொல்கிறேன்: முதல் கிளாஸை உறைப்போடு தொடாதீர்கள். எங்கள் கறித்தூளின் காரத்தை மதுசாரமும் வாயுவும் இன்னும் மூட்டிவிடும், பாண் கரையின் மெல்லிய சுவை அதற்குள் காணாமல் போகும். வெற்றிலை போட்ட வாயோடும் வேண்டாம். முதலில் மணந்து பாருங்கள். பிறகு ஒரு வாய், அவசரமில்லாமல். வெதுப்பகத்தில் விடியற்காலை வரும் மணம், தோசையின் முறுகிய அடி, கொஞ்சம் பனங்கட்டி, முடிவில் இனிப்பை வெட்டும் அளவுக்கு ஒரு கசப்பு. இவ்வளவும் பிடிபட்ட பிறகு வறுத்த கச்சானோ உறைப்புக் குறைந்த மட்டன் ரோலோ எடுக்கலாம்.

கள்ளுக்குப் பழகிய நாக்கு இன்னொரு விதத்தில் ஏமாறும். பனங்கள்ளில் புளிப்பு இயல்பு, மணிக்கு மணி ஏறும், அதை நாங்கள் விரும்பியே குடிக்கிறோம். டுங்கெலில் புளிப்பு வந்தால் பியர் கெட்டுவிட்டது என்று அர்த்தம். பட்டர் மணம் தூக்கலாக வந்தாலும் குறைதான். சின்ன ஆலைப் பியர் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லத் தேவையில்லை.

போன வருடம் மச்சான் திரும்பவும் வந்தான், இந்தமுறை தைப்பொங்கலுக்கு. குடித்துக்கொண்டிருக்கும்போது, மியூனிக் தண்ணீரில் சுண்ணாம்பு கூட என்றும், கறுத்த மோல்ட்டின் அமிலத்தன்மை அந்தத் தண்ணீரின் காரத்தன்மையைச் சமப்படுத்துவதால்தான் அங்கே முதலில் கறுத்த பியர் நன்றாக வந்தது என்றும் விளங்கப்படுத்தினேன். பொன்னிற பியர் அங்கே தலையெடுக்க 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆகிவிட்டது. அவன் எழும்பிப் போய்க் குசினியில் இருந்த எங்கள் கேத்தலைக் கொண்டுவந்து, மூடியைத் திறந்து அடியைக் காட்டினான். கிணற்றுத் தண்ணி கொதித்துக் கொதித்து, வெள்ளையாய் ஒரு விரல்நகத் தடிப்பில் சுண்ணாம்பு படிந்திருந்தது.