கம்ப்ரஸர் டேங்கில் தண்ணீர் வரவில்லையா? காலி என்று நம்பிவிடாதீர்கள்

கோவை கணபதியில் பம்பு செட் பாகங்களுக்கு பெயிண்ட் அடித்துக் கொடுக்கும் சின்னப் பட்டறை எங்களுடையது. போன ஐப்பசி மழையில், அடித்த பெயிண்ட் எல்லாம் அம்மை போட்ட மாதிரி கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. தின்னரை மாற்றினேன், ஸ்ப்ரே கன்னை மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் ஒரு வெள்ளைத் துணியை, கம்ப்ரஸரிலிருந்து காற்று வரும் ஹோஸ் முனையில் பிடித்துப் பார்த்தேன். துணி நனைந்தது. நனைந்த இடம் டீக்கறை மாதிரி பழுப்பாக இருந்தது.

வாரா வாரம் டேங்கின் அடியில் தண்ணீரை வெளியேற்ற இருக்கும் டிரெய்ன் வால்வைத் திறந்துகொண்டுதான் இருந்தேன். லேசாக ஒரு சீறல் வரும், தண்ணீர் வராது. காலி என்று மூடிவிடுவேன். பார்க்க வந்த மெக்கானிக் அண்ணனிடமும் "தண்ணியே வரலீங்ணா" என்றுதான் சொன்னேன். "வாய் அடைச்சிருந்தா எப்படீங் தம்பி வரும்?" என்றார்.

அன்றிலிருந்து நான் செய்துவருவதை இங்கே எழுதுகிறேன். பெல்ட், ஃபில்டர், ஆயில் பற்றியெல்லாம் மெஷினோடு வந்த புத்தகத்திலேயே இருக்கும். இது டேங்குக்கு மட்டும்.

இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் ஈரத்தைத்தான் தாங்கும். 60 சதவீத ஈரப்பதம் உள்ள நாளில் அதில் 18 கிராம் இருக்கும். 7 கிலோ பிரஷருக்கு (வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல், சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ) எட்டுப் பங்கு காற்றை ஒரு பங்காக அமுக்குகிறோம். எட்டு கன மீட்டரில் இருந்த 144 கிராம் ஈரமும் ஒரே கன மீட்டருக்குள் வந்துவிடும். டேங்க் ஆறியதும் 30 கிராம் காற்றில் நிற்கும், மீதி 114 கிராம் தண்ணீராக அடியில் இறங்கும். ஐப்பசி மழையிலும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று ஈரத்தோடு வரும்போதும் இன்னும் அதிகம்.

அந்தத் தண்ணீர் டேங்கின் தகட்டை உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள டேங்கின் ஒரு பக்க மூடியை 8 கிலோ பிரஷர் பத்து டன் பாரத்தோடு தள்ளிக்கொண்டிருக்கிறது. தகடு மெலிந்தால் அந்தப் பத்து டன் என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள்.

1. மெயினை அணைத்து, பிரஷரை இறக்குங்கள்

ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். பிரஷர் குறைந்தால் பிரஷர் ஸ்விட்ச் மோட்டாரைத் தானாகவே ஓடவிட்டுவிடும். ஹோஸ் வழியாகக் காற்றை விடுங்கள். தினசரி டிரெய்ன் பண்ண 1 கிலோ மிச்சம் இருந்தால் நல்லது, தண்ணீரைத் தள்ளிக் கொண்டுவரும். எதையாவது கழற்றுவதாக இருந்தால் முழுசும் இறங்க வேண்டும். கேஜ் முள் பூஜ்யத்தில் சிக்கிக்கொண்டும் நிற்கும், அதனால் அவுட்லெட்டைத் திறந்தே வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். துரு கண்ணில் அடிக்கும்.

2. வால்வைத் திறந்தும் தண்ணீர் வராவிட்டால்

நான் ஏமாந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காற்று மொத்தமும் இறங்கியபின் டிரெய்ன் வால்வையே ஸ்பேனர் போட்டுக் கழற்றினோம். ஓட்டையில் துரு கெட்டியாக உறைந்து, நடுவில் ஊசி நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. நான் கேட்ட சீறல் அதன் வழியாக வந்ததுதான். அண்ணன் கட்டுக்கம்பியை விட்டுக் குத்தினார். முதலில் காபித் தூள் மாதிரி ஒரு கட்டி விழுந்தது, அப்புறம் கொட்டியது பாருங்கள், பக்கெட்டில் மூன்று லிட்டருக்கு மேல். அடியில் மீன் செதில் மாதிரி துருச் சில்லுகள்.

அதோடு முடியவில்லை. டேங்கின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் சக்கரம், இன்னொரு பக்கம் ரப்பர் புஷ். புஷ் தேய்ந்து அந்தப் பக்கம் இறங்கியிருந்தது. டிரெய்ன் ஓட்டை இருப்பது சக்கரத்துப் பக்கம். ஓட்டையைச் சுத்தம் செய்தாலும் தண்ணீர் எதிர்ப் பக்கம்தான் தேங்கும். புஷ்ஷுக்கு அடியில் பலகைத் துண்டு வைத்து உயர்த்தினோம், இன்னும் அரை லிட்டர் வந்தது. உங்கள் டேங்க் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

3. வால்வை மாற்றுங்கள்

டேங்கோடு வரும் திருகு வால்வு எனக்குப் பிடிக்காது. குனிந்து, கைவிட்டுத் தேட வேண்டும், அதனாலேயே பலர் தொடுவதில்லை. ஓட்டை அளவுக்குப் பொருந்தும் எல்போ போட்டு, சின்ன ஜிஐ பைப் துண்டைப் பக்கவாட்டில் இழுத்து, முனையில் பித்தளை பால் வால்வு மாட்டினேன். டேங்கின் பிரஷருக்குத் தாங்கும் வால்வுதானா என்று பார்த்து வாங்குங்கள். டெஃப்லான் டேப் சுற்றினால் போதும். இப்போது நின்றபடியே காலால்கூடத் திறக்கலாம். தானாகத் திறந்து மூடும் ஆட்டோ டிரெய்னும் துருவில் அடைத்துக்கொள்ளும். சின்னப் பட்டறைக்கு இதுவே என் தேர்வு.

சாயங்காலம் திறந்துவிட்டு, இரவெல்லாம் அப்படியே விட்டு, காலையில் மூடுகிறேன்.

4. சேஃப்டி வால்வு

பிரஷர் அளவு மீறினால் தானாகத் திறந்து காற்றை விடும் வால்வு இது. பிரஷர் இருக்கும்போது, முகத்தை விலக்கிக்கொண்டு, அதன் வளையத்தை இழுங்கள். சட்டென்று காற்று வெடித்து வர வேண்டும், விட்டதும் அடைய வேண்டும். இரண்டில் ஒன்று நடக்காவிட்டாலும் புதிது வாங்குங்கள். அதன் செட்டிங் டேங்க் பிளேட்டில் அடித்திருக்கும் அதிகபட்ச பிரஷருக்கு மேல் இருக்கக் கூடாது. லீக் ஆகிறது என்று அதைக் கழற்றிவிட்டு டம்மி போல்ட் அடைத்த டேங்குகளைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் தயவுசெய்து உடனே நிறுத்துங்கள்.

5. தகடு

அடிப்பக்கம், வெல்டிங் ஓரம், கால் ஒட்டியிருக்கும் இடம், இந்த மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஊசி முனை அளவு ஓட்டையில் காற்று கசிந்தாலும் அந்த டேங்க் முடிந்தது. "ஒரு பொட்டு வெல்டிங் வெச்சா போதுங்" என்பார்கள். ஓட்டை விழுந்த இடத்தைச் சுற்றிலும் தகடு மெலிந்துதான் இருக்கும். பற்ற வைத்தால் பக்கத்திலேயே விரிசல் ஓடும். வெல்டிங்கில் கைதேர்ந்தவர்கள் நம் ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள், இந்த ஒரு வேலையை மட்டும் அவர்களிடம் கேட்காதீர்கள்.

சந்தேகமாக இருந்தால், அல்ட்ராசோனிக் கருவியால் தகட்டின் கனம் அளந்து, தண்ணீர் நிரப்பி ஹைட்ரோ டெஸ்ட் செய்யும் பரிசோதகரைக் கூப்பிடுங்கள். காற்று அடைத்து நீங்களே சோதிக்க வேண்டாம். தண்ணீர் அமுங்காது, அதனால் டேங்க் விரிசல் விட்டால் ஒழுகுவதோடு நிற்கும். அமுங்கிய காற்று சிதறடித்துவிடும்.

பிறகு சேர்த்தது: டேங்கிலிருந்து தறிகளுக்கு பிவிசி பைப் இழுத்திருப்பதாகச் சோமனூரிலிருந்து ஒரு அண்ணன் எழுதியிருந்தார். மாற்றிவிடுங்கள் அண்ணா. தண்ணீருக்கு அது நல்ல பைப். காற்றை அடைத்தால், என்றாவது சூட்டிலோ அடியிலோ உடைந்து கத்தி மாதிரி சில்லுகள் பறக்கும். ஜிஐ அல்லது காற்றுக்கென்றே விற்கும் அலுமினிய பைப் போடுங்கள்.

இன்னொன்று: திருச்செங்கோட்டிலிருந்து ஒரு தம்பி, பிளேட் இல்லாத பழைய டேங்க் பாதி விலைக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். எத்தனை கிலோ தாங்கும், எந்த வருடம் செய்தது என்று அந்தப் பிளேட் மட்டும்தான் சொல்லும். அது இல்லாவிட்டால் சேஃப்டி வால்வை எந்த அளவுக்கு வாங்குவது என்பதுகூடத் தெரியாது. வாங்காதீர்கள் தம்பி.