வேர்வையிலயும் சிக்னல் விடாத ஈஎம்ஜி எலக்ட்ரோடு, நம்மளே செஞ்சுக்கலாம்

பாம்பன்ல ஒரு நாட்டுப்படகு அண்ணன் முன்கையில எலக்ட்ரோட ஒட்டப்போனப்ப "என்ன தம்பி, கரண்ட் வைக்கப்போறியா"ன்னாரு. இல்லண்ணே, ஒங்க கையில இருக்குறதத்தான் எடுக்கப்போறேன்னேன். வலை இழுக்குறப்ப தசை எப்புடி வேலை செய்யுதுன்னு பாக்கணும், அவ்ளோதான். தசை சுருங்குறப்ப வர்ற சின்ன மின்சிக்னல இப்புடி எடுக்குறதுதான் ஈஎம்ஜி. பத்து நிமிஷம் நல்லா வந்துச்சு, அப்புறம் வேர்வை ஊத்த ஊத்த அலை சின்னதாகிக்கிட்டே போயி கோடா படுத்துருச்சு.

உப்பு வேர்வை கரண்ட நல்லா கடத்தும்ல, அப்ப நல்லதுதானேன்னு தோணும். ஈசிஜி கருவிய உருவாக்குன டச்சு விஞ்ஞானி ஐந்தோவன் காலத்துல ஈசிஜி எடுக்க கையையும் காலையும் உப்புத்தண்ணியிலதான் முக்க வச்சாங்க, அவருக்கு 1924ல நோபலே கெடச்சுச்சு. ஆனா அங்க ஒவ்வொரு கைக்கும் தனித்தனி பாத்திரம். நாம அளக்குறது ரெண்டு எலக்ட்ரோடுக்கு உள்ள வித்தியாசத்த, நடுவுல வேர்வை படந்து பாலம் போட்டுட்டா அந்த வித்தியாசமே கரைஞ்சுரும். பாம்பனுக்குப் பாலம் வேணும், இதுக்கு வேணாம்.

அதனால நான் இப்ப செய்யுறது இதுதான். 10 மில்லிமீட்டர் அகலத்துல ரெண்டு உலோக வட்டம், ஒரு வட்டத்தோட நடுவுலேருந்து அடுத்ததோட நடு வரைக்கும் 20 மில்லிமீட்டர். வட்டத்த பெருசாக்குனா தோல் தடை கொறையும், ஆனா முன்கையில பக்கத்து தசையோட சிக்னலும் சேந்து வந்துரும். உலோகத்த நேரா தோல்ல வைக்காம 2 மில்லிமீட்டர் குழிக்குள்ள எறக்கி கரண்ட கடத்துற எலக்ட்ரோடு ஜெல்ல நெரப்புங்க, கை ஆடுறப்ப உலோகம் உரசாது, கோடும் குதிக்காது. சுத்தி 4 மில்லிமீட்டர் அகலத்துல ஃபோம் டேப் வளையம், ரெண்டுக்கும் தனித்தனியா. ஒரே டேப்புல ரெண்டையும் ஒட்டுனா அடியில வேர்வை தேங்கிக்கும், தனியா இருந்தா நடுவுல தெரியுற தோல துணியால ஒத்தி எடுத்துறலாம். ஜெல்ல அள்ளி வைக்காதீங்க, பிதுங்கி வெளிய வந்தா அதுவும் பாலந்தான்.

உலோகம் சுத்த வெள்ளி. கொலுசு வெள்ளி வேணாம், செம்பு கலந்துருக்கும். ஒரு லிட்டர் சுத்தத் தண்ணியில 9 கிராம் உப்பு (கடல் தண்ணிய மொண்டு ஊத்திறாதீங்க), 1.5 வோல்ட் பேட்டரியோட பிளஸ்ஸ வட்டத்துக்கும் மைனஸ இன்னொரு வெள்ளிக் கம்பிக்கும் குடுங்க, சில நிமிஷத்துல சாம்பலும் பழுப்புமா ஒரு படலம் வரும், அதுதான் சில்வர் குளோரைடு. இது இல்லாத வெறும் ஸ்டீல் வச்சா கோடு ஒரு எடத்துல நிக்காம அலையும். ரெண்டையும் ஒண்ணா போட்டு எடுங்க, ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னா சரிப்படாது.

ஒட்டுறதுக்கு முன்னாடி கையில காஞ்ச உப்ப நல்ல தண்ணியில கழுவி, முடிய மழிச்சு, ஸ்பிரிட்டால தொடச்சு, முழுசா காய விடுங்க. ஜோடிய தசை ஓடுற வாக்குல ஒட்டணும், மணிக்கட்டுப் பக்கம் நரம்பு மாதிரி திரண்டு நிக்கிற தசைநார் மேல வேண்டாம், ஒப்பிட்டுப் பாக்க வைக்கிற மூணாவது எலக்ட்ரோடு (ரெஃபரன்ஸ்) முழங்கை எலும்புல. ரெண்டு ஒயரையும் முறுக்கி கையோட டேப் போட்டுருங்க, வீட்டுக் கரண்ட்டுலேருந்து வர்ற 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அதுலயே நல்லா கொறையும்.

முக்கியமா, ஆள் மேல ஒட்டிருக்குறப்ப எல்லாமே பேட்டரியில ஓடணும், லேப்டாப் சார்ஜரையும் புடுங்கிருங்க. அந்த அண்ணன் கேட்ட கேள்வி அப்ப சிரிப்பாத்தான் இருந்துச்சு, ஆனா கரண்ட் நெசமாவே ஏறுனா அது அந்த சார்ஜர் மாதிரி பிளக்குல சொருகுன பொருள் வழியாத்தான் ஏறும்.