தோட்டத்திலிருந்து காணொளி போடப் போகிறீர்களா? வசை வரும் முன் செய்யவேண்டிய வேலைகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் காணொளி எடுத்துச் சம்பாதிக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது எந்தக் கைப்பேசி, எந்த மைக் என்றுதான். கையில் இருக்கும் கைப்பேசியே போதும். நூறு பேர் ஒரே இரவில் திட்டினால் மறுநாள் காலையில் என்ன செய்வது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கோலாலம்பூரில் அடுக்குமாடியில் இருப்பவர் கைப்பேசியை அணைத்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். இங்கே தீராது. திட்டியவரின் அத்தை கோயில் வரிசையில் உங்கள் அம்மாவுக்கு முன்னால் நிற்பார். பத்து நிமிடக் காணொளியில் பதினைந்து விநாடித் துண்டு மட்டும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றும். 2020-இல் இந்த ஊரின் சுகு–பவித்ரா தம்பதி மலாய் மொழியில் சமையல் சொல்லி நாடு முழுவதும் அறிமுகமான பிறகு, நம்மாலும் முடியும் என்ற எண்ணம் பலருக்கு வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் முதல் காணொளிக்கு முன்பே கீழே சொல்லும் வேலைகளை முடித்துவிடுங்கள்.

படி 1: எதைக் காட்டமாட்டீர்கள் என்று எழுதி வையுங்கள்

வீட்டு எண், தோட்டத்தின் பெயர்ப்பலகை, வண்டி எண், பிள்ளையின் பள்ளிச் சீருடையில் இருக்கும் சின்னம் ஆகிய நான்கும் எப்போதும் படத்துக்கு வெளியே இருக்கட்டும். வீட்டில் யாரெல்லாம் காணொளியில் வர விரும்பவில்லை என்று கேட்டு அவர்கள் பெயரையும் எழுதுங்கள். பாட்டி சம்மதித்தாலும், கோபத்தில் பேசுகிற பாட்டியைக் காட்டாதீர்கள்.

தோட்ட வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்று உண்டு. லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு, தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானது. பல குடும்பங்களுக்கு வேலையும் வீடும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. செம்பனைக் காட்டிலோ ஆலையிலோ படம் எடுப்பதென்றால் மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்மொழியாகத் தலையாட்டிய மேலாளர், சர்ச்சை வந்த அன்று தலையாட்டியதை மறந்துவிடுவார்.

படி 2: வடிகட்டியை இப்போதே போடுங்கள்

யூடியூப் ஸ்டுடியோவின் அமைப்புகளில் சமூகம் என்ற பகுதி இருக்கிறது. அங்கே தடுக்கப்பட்ட சொற்களின் பட்டியலைத் தரலாம். அந்தச் சொற்கள் உள்ள கருத்துகள் நேரே வெளிவராமல் உங்கள் பார்வைக்காகக் காத்திருக்கும். நம் மக்கள் திட்டும்போது தமிழ் எழுத்தில் திட்டுவது குறைவு. ஆங்கில எழுத்தில் தமிழ், நடுவே மலாய். ஆகவே ஒவ்வொரு கெட்ட சொல்லையும் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும், எழுத்துக்கூட்டும் வகைகள் அத்தனையிலும் போடவேண்டும். சாதிப் பெயர்களையும் சேர்க்க மறக்காதீர்கள். உட்கார்ந்து செய்ய வெட்கமாக இருக்கும், ஆனால் ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். டிக்டாக்கிலும் இதே வசதி உண்டு.

விடாமல் தொல்லை தருபவரைத் தடுப்பதைவிட யூடியூபில் மறைத்துவிடுவது மேல். அவர் எழுதுவது மற்றவர்களுக்குத் தெரியாது, மறைக்கப்பட்டது அவருக்கு அறிவிக்கப்படவும் மாட்டாது. நேரலை செய்வதாக இருந்தால், கருத்துகளைக் கவனிக்க ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

படி 3: இங்கே எதில் தீ பிடிக்கும் என்று அறியுங்கள்

மதம், இனம், ஆட்சியாளர்கள்: இந்த மூன்றையும் மலேசியாவில் 3ஆர் என்பார்கள். இவற்றில் நகைச்சுவை வேண்டாம். அங்கே வசையோடு நிற்காது, வழக்கும் வரும்.

சமையல் காணொளியில் ‘ஹலால்’ என்ற சொல்லைக் கவனமாகக் கையாளுங்கள். சமைத்த உணவை விற்கும்போது, மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிம் அல்லது மாநில இஸ்லாமிய சமய மன்றத்தின் சான்றிதழ் இல்லாமல் அந்தச் சொல்லைப் பயன்படுத்த 2011-இல் வந்த வணிக விவரிப்பு ஆணை இடம் தரவில்லை. சேர்மானங்களை அப்படியே சொல்லுங்கள், பார்ப்பவர் முடிவு செய்யட்டும்.

மூன்றாவது ஆபத்து விளம்பரப் பணம். வெள்ளையாக்கும் களிம்பு, எடை குறைக்கும் காப்பித்தூள், சர்க்கரை நோய்க்குக் கசாயம் என்று வரிசையாகக் கேட்டு வருவார்கள். பதிவு செய்யப்பட்ட மருந்தானால் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கவேண்டும், அதை மருந்துகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான என்.பி.ஆர்.ஏ.வின் தளத்தில் தேடிப் பாருங்கள். மருந்து விளம்பரத்துக்கு மருந்து விளம்பர வாரியத்தின் ஒப்புதலும் தேவை, அந்த ஒப்புதல் எண் கே.கே.எல்.ஐ.யூ. என்று தொடங்கும். மருந்துக்கு இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். பக்கத்து வீட்டு அக்கா உங்கள் பேச்சை நம்பி வாங்கி முகம் புண்ணானால், அந்தக் கோபம் நியாயமானது. அதை எந்த வடிகட்டியும் தடுக்காது, தடுக்கவும் கூடாது.

படி 4: வசை வந்துவிட்டது

அன்று இரவு பதில் எழுதாதீர்கள். கருத்துகளை நீங்களே படிக்கவும் வேண்டாம். தம்பியிடமோ தோழியிடமோ கொடுத்து, மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள். நீங்கள் தவறாகச் சொன்னதைச் சுட்டுபவர்கள், உங்களைப் பிடிக்காதவர்கள், மிரட்டுபவர்கள்.

முதல் வகையினருக்குத்தான் பதில். ‘நான் சொன்ன இன்ன தகவல் தவறு, சரியானது இது’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ‘யார் மனமாவது புண்பட்டிருந்தால்’ என்று தொடங்கும் மன்னிப்பு இன்னும் நூறு பேரை இழுத்துவரும். அழுத முகத்தை முகப்புப் படமாக வைக்காதீர்கள். மன்னிப்புக் காணொளியில் விளம்பரத்தை அணைத்துவிடுங்கள். பழைய காணொளியைச் சத்தமில்லாமல் நீக்காதீர்கள். யாரோ ஒருவர் ஏற்கெனவே சேமித்து வைத்திருப்பார். விளக்கப் பகுதியிலும், மேலே பொருத்திய கருத்திலும் திருத்தத்தைப் போடுங்கள்.

இரண்டாம் வகைக்குப் பதிலே இல்லை. உங்கள் மலாய் உச்சரிப்பையும் கறுப்பு நிறத்தையும் லயத்துச் சுவரையும் கிண்டல் செய்பவரோடு வாதிட்டு யாரும் வென்றதில்லை.

படி 5: மிரட்டல் என்றால் ஆதாரம்

நீக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கணக்கின் பெயர், இணைப்பு முகவரி, நாள், நேரம் எல்லாம் தெரியவேண்டும். நேரலையானால் திரையைப் பதிவு செய்யுங்கள். பிறகு காவல் நிலையத்தில் புகார், எம்.சி.எம்.சி. என்னும் தொடர்பு, பல்லூடக ஆணையத்திலும் ஒரு புகார். புகார் எண்ணை வாங்காமல் திரும்பாதீர்கள்.

டிக்டாக்கில் எஷா என்று அறியப்பட்ட ராஜேஸ்வரி, இணையத் துன்புறுத்தலுக்குப் பின் 2024 ஜூலையில் உயிரிழந்தார். அவரும் போலீசில் புகார் கொடுத்திருந்தார். அந்த விவகாரத்தில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த தண்டனை 100 ரிங்கிட் அபராதம். நாடே கொதித்தது. அதன் பிறகு தண்டனைச் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரையான பிரிவுகள் சேர்க்கப்பட்டு, 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. மிரட்டுவது, துன்புறுத்துவது, பிறர் விவரங்களை வெளியிட்டுத் தொல்லை தருவது எல்லாம் இப்போது குற்றம். காவல் நிலையத்தில் ‘இது வாய்ச்சண்டைதானே’ என்று யாராவது சொன்னால் இந்தப் பிரிவு எண்களைச் சொல்லுங்கள்.

தூக்கம் போய், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மனம் விட்டுப் பேச உதவும் தொலைபேசிச் சேவையான பெஃப்ரெண்டர்ஸை 03-7627 2929 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம்.

படி 6: வருமானத்தை ஒரே இடத்தில் வைக்காதீர்கள்

வசையைத் தாங்கும் தெம்பு மனத்தில் மட்டும் இல்லை, வங்கிக் கணக்கிலும் இருக்கிறது. யூடியூப் விளம்பரப் பணத்துக்கு 1,000 சந்தாதாரர்களோடு, கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையோ, 90 நாளில் ஷார்ட்ஸ் என்னும் குறுங்காணொளிகளுக்கு 1 கோடி பார்வையோ வேண்டும். அதன் பிறகும் நீண்ட காணொளியின் விளம்பர வருமானத்தில் உங்கள் பங்கு 55 விழுக்காடுதான். சண்டைக் காணொளி போட்டால் மணிக்கணக்கு சீக்கிரம் ஏறும் என்று சிலர் சொல்வார்கள். ஏறும். ஆனால் பட்டணத்துப் புடவைக் கடைக்காரர் விளம்பரம் தரும் முன் உங்கள் கருத்துப் பகுதியைத்தான் திறந்து பார்க்கிறார். விளம்பரப் பணத்தோடு முறுக்கு, ஊறுகாய், தையல், திருமணப் படப்பிடிப்பு என்று கையால் விற்கும் ஏதாவது ஒன்று இருக்கட்டும். ஓராண்டாவது சம்பள வேலையை விடாதீர்கள்.

வியாபாரமாகத் தொடங்கிய 30 நாளுக்குள் மலேசிய நிறுவனங்கள் ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் பதியவேண்டும், சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60. வருமான வரிக்கு ‘பி’ படிவம். ரசீதுகளை 7 ஆண்டு வையுங்கள். கூகுள் கேட்கும் அமெரிக்க வரிப் படிவத்தையும் நிரப்புங்கள். நிரப்பாவிட்டால் மொத்த வருமானத்திலேயே 24 விழுக்காடு வரை பிடிக்கலாம். நிரப்பினால் அமெரிக்காவில் இருப்பவர்கள் பார்த்த பங்கில் மட்டும் 30 விழுக்காடு பிடிப்பார்கள், நம் இரு நாடுகளுக்கும் இடையே வரி ஒப்பந்தம் இல்லாததால்.

கடைசியாக, கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் விளம்பரப் பணத்தைத் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் ஒரு ரகசிய எண்ணை அஞ்சலில் அனுப்பும். 4 மாதத்துக்குள் அதைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். தோட்டத்துக் கடிதங்கள் பெரும்பாலும் அலுவலகத்துக்கு வந்து அங்கேயே கிடக்கும். பட்டணத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டு முகவரியைக் கொடுங்கள், அல்லது தோட்ட அலுவலக எழுத்தரான கிராணியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.