மட்டிக்குச் சீட்டு எழுதுவது எப்படி

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் முப்பது வருஷம் உதவியாளராக இருந்தேன். மாதிரிகள் வைக்கும் புட்டிகளுக்குப் பெயர்ச் சீட்டு எழுதுவது என் பொறுப்பு. உவரிக் கடற்கரைப் பக்கத்துப் பையன்கள் இரட்டை ஓட்டு மட்டிகளைப் பையில் அள்ளிவந்து, "அண்ணாச்சி, மட்டின்னு எழுதிருங்க" என்பார்கள். குழம்புக்கு அது போதும், புட்டிக்குப் போதாது.

முதலில் வெந்நீரில் போட்டு, வாய் திறந்ததும் சதையை எடுத்துவிடுங்கள். பழைய பிரஷால் தேய்த்து நிழலில் காயவையுங்கள். சதையோடு வைப்பதென்றால் 70 சதவீத ஆல்கஹால். ஃபார்மலின் கூடாது, அதிலுள்ள அமிலம் சுண்ணாம்பு ஓட்டை அரித்துவிடும்.

நிறத்தை நம்பாதீர்கள். அலை ஏறி இறங்கும் மணலில் கிடக்கும் டோனாக்ஸ் என்ற மட்டியில் ஒரே கைப்பிடிக்குள் வெள்ளை, பழுப்பு, ஊதா எல்லாம் இருக்கும். ஓட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு ஓடும் சேரும் இடத்தில் சீப்பு மாதிரிப் பற்கள் வரிசையாக இருந்தால் ஆர்சிடே குடும்பம். தடித்த பல் மூன்று இருந்தால் பெரும்பாலும் வெனரிடே.

அப்புறம் ஓட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். விளிம்புக்கு உள்ளே ஒரு மெல்லிய கோடு ஓடும். ஒரு பக்கத்தில் அது உள்வாங்கி வளையும். நீர் உறிஞ்சும் குழல்களை மட்டி மடக்கிக்கொள்ளும் இடம் அது. வெனரிடே குடும்பத்து மெரட்ரிக்ஸில் அந்த வளைவு சொற்பம், டோனாக்ஸில் ஆழம். வளைவு இருப்பதே உடம்பின் பின்பக்கம். டோனாக்ஸில் கட்டையாக முடிவதுதான் பின்பக்கம். கூரான முனையை வால் என்று நினைத்து நானே ஒரு தட்டு முழுக்க மாற்றி அடுக்கியிருக்கிறேன்.

சரி, பெயர். பேரினம் முன்னால், சிற்றினம் பின்னால். ஆங்கில எழுத்தில் எழுதும்போது முதல் சொல்லுக்கு மட்டும் பெரிய எழுத்து. கையால் எழுதினால் இரண்டு சொல்லுக்கும் தனித்தனியாக அடிக்கோடு. அதன்பின் பெயர் வைத்தவரும் வருஷமும். விலங்குப் பெயர்களுக்குக் கணக்குத் தொடங்குவது 1758, இந்த இரட்டைப் பெயர் முறையைக் கொண்டுவந்த லின்னேயஸின் பட்டியலிலிருந்து.

இனி, பெயர் வைத்தவரையும் வருஷத்தையும் சுற்றிச் சில சமயம் போடும் அடைப்புக்குறி. சின்னச் சீட்டில் இடம் போதவில்லை என்று ஆறு வருஷம் அதை விட்டுவிட்டே எழுதினேன். தேர்வுக்கு வந்த ஒரு வெளியூர்ப் பேராசிரியர், "இதை யார் எழுதினது?" என்று கேட்டபோதுதான் உறைத்தது. ஒரு மட்டிக்கு லின்னேயஸ் வைத்த பெயர் வீனஸ் மெரட்ரிக்ஸ். பின்னால் அந்த மட்டி வேறு பேரினத்துக்குப் போனது. அதனால் இன்று மெரட்ரிக்ஸ் மெரட்ரிக்ஸ் (லின்னேயஸ், 1758). வீடு மாறியதற்கு அடையாளம் அந்த அடைப்புக்குறி. மாறாததற்குப் போட்டால் அதுவும் தப்பு. ஒரே சொல் இரண்டு தரம் வருவதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். விலங்கியலில் செல்லும், செடிகொடிக்குத்தான் செல்லாது.

பெயர் தெரியாவிட்டாலும் ஊரும் தேதியும் எழுதாமல் விடாதீர்கள். தடித்த தாளில் பென்சிலால் எழுதி, புட்டிக்கு உள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்து ஓடிவிடும்.

இடிந்தகரைப் பாறையில் பிடித்த பழுப்புச் சிப்பிக்கு, 1976-இல் குரியாக்கோஸும் நாயரும் வைத்தபடி பெர்னா இண்டிகா என்று எழுதியிருந்தேன். பின்னால் மரபணு பார்த்தவர்கள் அது பெர்னா பெர்னாதான் என்றார்கள். புதுச் சீட்டு எழுதினேன். பழையதைக் கிழிக்கவில்லை. இரண்டும் அதே புட்டியில் முதுகோடு முதுகாகக் கிடக்கின்றன.