நினைவு நாணயத்தைக் கொண்டு அது வெளியான காலத்தின் பொருளாதாரத்தைப் படிப்பது எப்படி?

நினைவு நாணயம் கையில் கிடைத்ததும் பலர் அதிலுள்ள உருவத்தைப் பார்த்து, "இன்று இதற்கு என்ன விலை?" என்று கேட்பதோடு நின்றுவிடுகிறார்கள். அந்த நாணயம் எந்தப் பொருளாதாரச் சூழலில் அச்சிடப்பட்டது என்பதை அறிய எடை, உலோகம், முகமதிப்பு (நாணயத்தில் பொறித்துள்ள ரூபாய் அளவு) ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தியாவில் 1969 முதல் 1974 வரை வெளியான நினைவு நாணயங்கள் இதற்குத் தக்க பயிற்சி தருகின்றன.

முதலில் வெளியான ஆண்டை உறுதிசெய்ய வேண்டும். காந்தி நூற்றாண்டு நாணயத்தில் 1869–1948 என்றும், நேரு நாணயத்தில் 1889–1964 என்றும் இருப்பவை அவர்களின் வாழ்நாளைக் குறிக்கும் ஆண்டுகளே. காந்தி நாணயம் 1948-இல் அச்சிடப்பட்டது என்று சொல்லி விற்பவர்களை இன்றும் காணலாம். அது நூற்றாண்டையொட்டி 1969-இல் வெளியானது.

அடுத்தது உலோகம். காந்தம் வைத்துப் பார்த்தால் நிக்கலால் ஆன நேரு ஒரு ரூபாய் ஒட்டிக்கொள்ளும். வெள்ளியும் செம்பு–நிக்கல் கலவையும் ஒட்டா. ஆகவே காந்தத்தில் ஒட்டாததெல்லாம் வெள்ளி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நகைக்கடைத் தராசு போன்ற, கிராமின் பத்தில் ஒரு பங்கைக் காட்டும் தராசில் எடை போட்டு, நாணயப் பட்டியலில் உள்ள எடையோடும் வெள்ளித் தூய்மையோடும் ஒப்பிட வேண்டும்.

இனி முக்கியமான கணக்கு. நாணயத்தின் எடையை வெள்ளித் தூய்மையால் பெருக்கி, கிடைப்பதை முகமதிப்பால் வகுத்தால், ஒரு ரூபாய்க்கு எத்தனை கிராம் வெள்ளி வைக்கப்பட்டது என்பது தெரியும். காந்தியின் 10 ரூபாய் நாணயம் 15 கிராம் எடையும் 80 விழுக்காடு வெள்ளியும் கொண்டது. அதாவது 12 கிராம் வெள்ளி, ரூபாய்க்கு 1.2 கிராம். சுதந்திர வெள்ளிவிழாவுக்காக 1972-இல் வந்த 10 ரூபாய் நாணயம் 22.5 கிராம் எடையுடன் கையில் கனமாகத் தெரிந்தாலும், அதில் பாதிதான் வெள்ளி என்பதால் கணக்கு 1.125 கிராமாகக் குறைகிறது. 1973-இன் 20 ரூபாய் நாணயத்தில் 30 கிராமில் பாதி வெள்ளி, ரூபாய்க்கு 0.75 கிராம்தான். 1974-இன் 50 ரூபாய் நாணயத்தில் 34.7 கிராமில் பாதி வெள்ளி. ரூபாய்க்கு ஏறத்தாழ 0.35 கிராம். ஐந்தே ஆண்டுகளில், நாணயம் பெரிதாகப் பெரிதாக ரூபாய்க்குரிய வெள்ளி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது.

ஏன் என்று அறிய, அதே வெள்ளியை அந்தந்த ஆண்டின் உலகச் சந்தை விலையில் மதிப்பிட்டுப் பாருங்கள். 1969-இல் ஓர் அவுன்ஸ் (சுமார் 31.1 கிராம்) வெள்ளி சராசரியாக 1.79 டாலர், 1966 ஜூன் மாத ரூபாய் மதிப்புக் குறைப்புக்குப் பின் டாலர் ஒன்றுக்கு 7.50 ரூபாய். இந்தக் கணக்கில் காந்தி நாணயத்தின் வெள்ளி 5 ரூபாயை ஒட்டி நிற்கிறது; முகமதிப்பில் பாதிதான். 1974-இல் வெள்ளி சராசரி 4.70 டாலரை எட்டியது. 1973-இல் வந்தது போன்ற, 22.3 கிராமில் பாதி வெள்ளி கொண்ட 10 ரூபாய் நாணயத்தை 1974-இலும் அச்சிட்டிருந்தால், டாலருக்குச் சுமார் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், அதன் உலோகம் மட்டுமே 13 ரூபாய்க்கு மேல் போயிருக்கும். உலோகத்தின் விலை முகமதிப்பை மிஞ்சும் நாணயம் உருக்கும் உலைக்குத்தான் போகும். ஆகவே 1974-இல் 10 ரூபாய் செம்பு–நிக்கலுக்கு மாறியதிலும், வெள்ளி 50 ரூபாய் நாணயத்துக்கு ஏறியதிலும் வியப்பில்லை. எண்ணெய் விலையேற்றத்தோடு உள்நாட்டு விலைவாசி 20 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்திருந்த காலம் அது என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

கடைசியாக, நாணயத்திலுள்ள முழக்கத்தைப் படியுங்கள். ஆனால் எச்சரிக்கையோடு படியுங்கள். 1970-இல் "அனைவருக்கும் உணவு", 1973-இல் "அதிக உணவு பயிரிடுங்கள்", 1974-இல் திட்டமிட்ட குடும்பம் என்ற வரிசை, 1965 முதல் 1967 வரையிலான வறட்சியையும், 1966-இல் சுமார் 1 கோடி டன் தானியம் இறக்குமதியானதையும், 1972-இல் பருவமழை பொய்த்ததையும் நினைவூட்டுகிறது. எனினும் இவை ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பின் நாணயத் திட்டத்தில் பல நாடுகளோடு சேர்ந்து வெளியிடப்பட்டவை. 1974 உலக மக்கள்தொகை ஆண்டும்கூட. முழக்கம் முழுவதையும் தில்லியின் கவலையாக மட்டும் கொள்வது பிழையாகும். முழக்கத்தை வெளியிலிருந்தும் கடன் வாங்கலாம்; வெள்ளியின் அளவில் அந்த வசதி இல்லை என்பதால், இரண்டும் முரண்படும் இடத்தில் நான் எடையையே நம்புவேன்.

கணக்கு முடிந்ததும் எடை, தூய்மை, ரூபாய்க்குரிய வெள்ளி, அந்த ஆண்டின் வெள்ளி விலை ஆகியவற்றைக் காகித உறையின் மேல் பென்சிலால் எழுதிவிட்டு, அதன் பிறகே நாணயத்தை உள்ளே இடுங்கள். நாணயம் உள்ளிருக்கும்போது எழுதினால் அழுத்தம் பட்டுக் கீறல் விழக்கூடும்.