கிட்டார் தலையில் பித்தளைப் பெயர்: பெயிண்ட் உரிவதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணங்களில் திருவிழா மேடைக்கும் கல்யாண டின்னருக்கும் வாசிக்கிற குழுக்களுக்குக் குறைவில்லை. குழுவின் பெயரைப் பித்தளையில் செய்து கிட்டாரின் ஹெட்ஸ்டாக்கில் (தந்தி முறுக்கும் தலைப்பகுதியில்) பதிக்கும் ஆசையும் பல தம்பிகளுக்கு உண்டு. பிறகு வருகிற புகார் ஒன்றுதான்: "அண்ணே, பைலாக்ஸ் சரியில்ல, உரிஞ்சு போச்சு." பெரும்பாலும் பைலாக்ஸ் ஸ்பிரே பெயிண்ட் மேல் குற்றமில்லை. டப்பாவைக் குலுக்குவதற்கு முன்பே காரியம் கெட்டிருக்கும்.

எழுத்திலிருந்தே பார்ப்போம். தமிழ்ப் பெயரைத் தகட்டிலிருந்து அறுத்தெடுக்க நினைப்பவர்கள் புள்ளியை மறந்துவிடுகிறார்கள். க், ல் மேல் இருக்கும் புள்ளி தனித் துண்டாகக் கீழே விழும். எழுத்துகளும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்காது. எல்லாவற்றையும் தாங்க அடியில் ஒரு பட்டை வைத்து வரையுங்கள். இல்லாவிட்டால் அறுக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டு, தகட்டில் பள்ளம் அரித்துப் பெயிண்ட் நிரப்புங்கள். தமிழுக்கு இந்த இரண்டாவது வழிதான் தோது என்பேன். அறுத்தே தீருவேன் என்றால் நகை ஆசாரியின் மெல்லிய ரம்பம் வேண்டும். அதன் பற்கள் கைப்பிடியை நோக்கி இருக்கட்டும். மாற்றிப் போட்டால் அறுபடுவது தகடல்ல, பிளேடுதான்.

அரிப்பதற்கு ஃபெரிக் குளோரைடு, ஆசிட் மாதிரி உலோகத்தைத் தின்னும் கரைசல். வடிவத்தை லேசர் பிரிண்டரில் இடவலம் மாற்றி அச்சடித்து, இஸ்திரிப் பெட்டியால் தகட்டில் ஏற்றுவார்கள். டோனர் (லேசர் பிரிண்டரின் மைத்தூள்) ஒட்டிய இடத்தை ஆசிட் தொடாது. இங்க்ஜெட் மை இதற்கு உதவாது. எழுத்து பள்ளமாக வேண்டுமென்றால் பின்னணிதான் கறுப்பாக அச்சாக வேண்டும். ஆசிட் கீழ்நோக்கி மட்டுமல்ல, பக்கவாட்டிலும் தின்னும் என்பதால் எழுத்துக் கோடுகள் நெருங்கி நின்றால் இடைவெளி கரைந்துபோகும். தகட்டைக் குப்புறப் போட்டால் கசடு கீழே இறங்கி, பள்ளம் சுத்தமாக வரும்.

அலுமினியத்தை மட்டும் இதில் போட்டுவிடாதீர்கள். கடுமையாகச் சூடேறிப் பொங்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். ரப்பர் பால் உறையவைக்கும் ஃபார்மிக் ஆசிட் வீட்டில் கிடக்கிறதே என்று அதை எடுப்பவர்களும் உண்டு. அது கையைப் பொசுக்குமே தவிரப் பித்தளையில் பள்ளம் பறிக்க உதவாது. பயன்படுத்திய கரைசலில் செம்பு கரைந்திருக்கும், மீனுக்கு விஷம், லோங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றக்கூடாது.

இனிதான் முக்கியமான இடம். பித்தளை என்றாலே நமக்குக் குத்துவிளக்கு நினைவு வந்து கை புளியைத் தேடும். புளி கறுப்பை எடுக்கும், மறுக்கவில்லை. சரியாகக் கழுவாவிட்டால் அதன் புளிப்பு ஓரங்களில் தங்கி, பெயிண்டுக்கு அடியில் தன் வேலையைத் தொடரும். பிராஸோ பாலிஷ் போட்டுப் பளபளக்க வைப்பது இன்னும் மோசம்: மேலே மெல்லிய படலம் நிற்கும், தகடும் வழவழப்பாகிவிடும், பெயிண்ட் பிடிக்க இடமே இருக்காது. நிறம் ஏறப்போகும் பரப்பை 320 அல்லது 400 நம்பர் உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, அசிட்டோனில் துடைத்து, அதற்குப் பின் விரல் படாமல் வைத்திருக்க வேண்டும். வெறுங்கையால் தொட்ட இடம் கிளியர் கோட்டுக்கு (நிறமில்லாத மேல்பூச்சுக்கு) அடியில் சில மாதங்களில் விரல் ரேகையாகவே கறுத்துத் தெரியும். பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் எட்ச் பிரைமர் (உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சு) அவசியம். சாதாரண பிரைமர் இரும்புக்கும் மரத்துக்கும் போதும், இங்கே போதாது.

நம் ஊர் ஈரம் அடுத்த எதிரி. விடியற்காலை குளுமையாக இருக்கிறதே என்று ஸ்பிரே அடிப்பவர்கள் காற்றில் ஈரம் மிக அதிகமாக இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சால்வென்ட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து நீர் படியும், லாக்கர் (சீக்கிரம் காயும் ஸ்பிரே பூச்சு) பால்போல் வெளுக்கும். பதினொரு மணிக்கு மேல், மழை கட்டுவதற்கு முன் அடியுங்கள். நேர் வெயிலில் தகட்டைச் சுட வைத்தால் கொப்புளம். மெல்லிய பூச்சாக மூன்று முறை. ஒரே முறையில் தடித்து அடித்தால் ஓரத்தில் வழிந்து நிற்கும்.

பள்ளத்தில் நிரப்பிய எனாமல் பெயிண்ட் காயும்போது சுருங்கும் என்பதால் இரண்டாம் முறையும் நிரப்புங்கள். தொட்டால் ஒட்டவில்லை என்றவுடன் தேய்க்க ஆரம்பிக்காதீர்கள். ஒரு வாரம் விட்டு, 1000 நம்பர் தாளைத் தட்டையான மரக்கட்டையில் சுற்றித் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் மேட்டில் பித்தளை மின்னும், பள்ளத்தில் நிறம் நிற்கும். விரலால் தேய்த்தால் பள்ளத்து நிறமும் சேர்ந்து போய்விடும். எனாமல் மேல் லாக்கர் கிளியர் அடித்தால் சுருக்கம் விழலாம். முதலில் ஒரு கழிவுத் துண்டில் அடித்துப் பாருங்கள்.

பிரபல கிட்டார் கம்பெனிப் பெயரைச் செய்து தரச் சொல்லிக் கேட்பவர்கள் வருவார்கள். வேண்டாம். அந்தக் கிட்டார் விலைக்குப் போகும் நாளில் அது போலிச் சரக்கு. மலேசியாவின் 2019-ஆம் ஆண்டு வணிக முத்திரைச் சட்டம் விளையாட்டுக் காரியமல்ல.

ஒட்டும்போது எடையைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் உயரத்தை மறக்கிறார்கள். 60 மில்லிமீட்டர் நீளம், 15 அகலம், 1 மில்லிமீட்டர் கனமுள்ள பித்தளை 8 கிராம்கூட வராது. ஆனால் தந்தி உரசினால் ஒவ்வொரு சுரத்தோடும் கிர்ரென்ற சத்தமும் சேர்ந்து வரும். தந்திகளைப் பூட்டி முறுக்கிய பிறகே இடத்தைக் குறியுங்கள். சூப்பர் குளூவின் ஆவி சுற்றியுள்ள பாலிஷை வெளுக்க வைக்கும், தட்டினால் விட்டும்போகும். நல்ல அக்ரிலிக் ஃபோம் இருபக்க டேப் போதும். முழுப் பிடிப்பு வர மூன்று நாள் விடுங்கள். பின்னாளில் கழற்ற வேண்டுமானால் தூண்டில் நூலை இடையில் விட்டு அறுத்தால் மரத்தில் கீறலில்லாமல் வந்துவிடும்.