காக்கைக் குடும்பம்: 4 கட்டத்தில் ஒரு சிரிப்புப் படக்கதை

முதல் படக்கதைக்கு 4 கட்டங்கள் போதும். ஜப்பானில் 'யொன்கோமா' என்ற 4 கட்டச் சிரிப்புக் கதைகள் தனி வகையாகவே வளர்ந்திருக்கின்றன. நம் கதையில் ஒரு காக்கைக் குடும்பம்: அப்பா, அம்மா, பாட்டி, ஒரு குஞ்சு, அதே கூட்டில் வளரும் ஒரு குயில் குஞ்சு.

படி 1: சிரிப்பைத் தேடுங்கள்

பென்சிலை எடுக்குமுன் ஒரு தாளை இரண்டாக மடியுங்கள். இடப்பக்கம் காக்கையின் வழக்கங்கள்: விடியுமுன் கரையும், அமாவாசைப் படையல் சாப்பிடும், குயிலின் முட்டையை அடைகாக்கும். வலப்பக்கம் வீட்டில் தினமும் கேட்கும் பேச்சு: 'ஏன் இவ்வளவு நேரம்?', 'பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பாரு.' இங்கிருந்து ஒன்று, அங்கிருந்து ஒன்று என்று கோடு போட்டு இணையுங்கள். படையலையும் 'ஏன் இவ்வளவு நேரம்?' என்பதையும் சேர்த்தால் இது கிடைக்கும்:

கட்டம் 1, அம்மா: 'காலையில போனீங்க, இப்பத்தான் வர்றீங்களா?'
கட்டம் 2, அப்பா: 'அமாவாசைன்னா சும்மாவா? வீட்டுக்கு வீடு கூப்பிட்டாங்க.'
கட்டம் 3: பேச்சில்லை. அப்பாவின் தொப்பை கனத்தில் கிளை வளைகிறது.
கட்டம் 4, அப்பா: 'இன்னிக்கு 7 வீட்டுக்கு நான்தான் தாத்தா!'

கடைசி வரியை 'தாத்தாவா 7 வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்' என்று எழுதிப் பாருங்கள், சிரிப்பு செத்துவிடும். சிரிக்க வைக்கும் சொல் முதலிலேயே வந்துவிட்டால் மீதிச் சொற்கள் சுமைதான். அந்தச் சொல்லை வரியின் கடைசியில் வையுங்கள். 3ஆம் கட்டத்து மௌனத்தையும் எடுத்துவிடாதீர்கள். வாசகர் காத்திருப்பது அங்கேதான்.

காக்கைக்குப் பதில் மனிதரை வைத்தாலும் அதே சிரிப்பு வருகிறதா? அப்படியானால் வேறு யோசனை தேடுங்கள்.

படி 2: உருவங்கள்

அப்பா பேரிக்காய், அம்மா நிமிர்ந்த முட்டை, பாட்டி வளைந்த கொக்கி, குஞ்சுகள் எலுமிச்சை. பெரியவர்களின் மொத்த உயரம் தலையைப் போல 3 மடங்கு, குஞ்சுகளுக்கு 2 மடங்கு. உருவங்களை முழுக் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். யார் யார் என்று அப்போதும் தெரிய வேண்டும். காக்கை கறுப்பு என்பதால் இந்தச் சோதனை இங்கே மிக முக்கியம். வீட்டுக் காக்கையின் கழுத்து சாம்பல் நிறம். அந்தப் பட்டையை விட்டுவிடாதீர்கள். இல்லாவிட்டால் தலையும் உடலும் ஒரே கறையாகிவிடும். இறக்கைக்கும் உடலுக்கும் நடுவே 1 மி.மீ. வெள்ளைக் கோடு விடுங்கள். கண்ணின் வெள்ளையைப் பெரிதாக வரையுங்கள், முகபாவம் முழுக்க அதில்தான். குயில் குஞ்சுக்குச் சிவப்புக் கண் போதும்.

படி 3: கட்டங்கள்

ஏ4 தாளைக் குறுக்காக வையுங்கள். ஒவ்வொரு கட்டமும் 6.5 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரம், இடைவெளி 5 மி.மீ. மொத்தம் 27.5 செ.மீ.; இரு ஓரத்திலும் 1.1 செ.மீ. மிஞ்சும்.

படி 4: பேச்சு, பிறகு பலூன்

பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். பலூனை முதலில் வரைந்தால் எழுத்து நெருக்கியடித்து நிற்கும். எழுத்தை முதலில் எழுதி, அதைச் சுற்றிப் பலூன் போடுங்கள். எழுத்து 4 மி.மீ. உயரம் என்றால் வரிக்கு வரி 7 மி.மீ. தேவை; மேல்வரியின் 'கூ' காலும் கீழ்வரியின் 'கீ' சுழியும் மோதக்கூடாது. ஒரு பலூனுக்கு 3 வரி, 6 சொல் போதும். 'வந்துகொண்டிருக்கிறேன்' இந்தக் கட்டத்துக்குள் அடங்காது, 'வந்துட்டிருக்கேன்' அடங்கும். முதலில் பேசுபவரை இடப்பக்கம் நிறுத்துங்கள், இல்லையென்றால் பதில் கேள்விக்கு முன்னால் வந்துவிடும்.

படி 5: மை

ஹெச்பி பென்சில் கோட்டின்மேல், வெளிக்கோட்டுக்கு 0.8 மி.மீ., கண்ணுக்கும் இறகுக்கும் 0.3 மி.மீ. முனைப் பேனா. தண்ணீரில் கரையாத மையாக இருக்கட்டும். 10 நிமிடம் காயவிட்டு அழிப்பானை எடுங்கள். கறுப்பை நிரப்பும்போது மெல்லிய தாளில் மை பின்பக்கம் ஊறும். 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம்) தாள் தாங்கும்.

ஸ்கேன் செய்யும்போது கறுப்பு வெள்ளைக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வையுங்கள். கைபேசிக்கு 4 கட்டங்களையும் இரண்டு இரண்டாக அடுக்குங்கள். ஒரே வரிசையில் விட்டால் எழுத்து எறும்பாகிவிடும்.